நான்கில் ஒரு நாற்காலி: அடால்ஃப் புஷ்

மேற்கத்திய வயலினில் உங்களுக்குப் பிடித்தவர் யார் என்று கேட்பவர்களிடம் நான் அடால்ஃப் புஷ் என்று சொல்வேன். பெரும்பாலும் அடுத்த கேள்வி, "யார் அது?" என்பதாகத்தான் இருக்கும். ஹைஃபெட்ஸைத் தெரியும், ஆய்ஸ்ட்ராக்கைத் தெரியும், மெனுஹினைத் தெரியாதவர்களே கிடையாது. அந்த மெனுஹினுக்குச் சொல்லிக்கொடுத்தவரைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

ரொம்ப நாளாக இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன். இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். இவரை வயலின் கலைஞர், நால்வர் குழுவின் தலைவர், ஆசிரியர், ஹிட்லருக்கு மறுப்புச் சொன்ன ஜெர்மானியர் என்று நாலு பேராகப் பிரித்து எழுதுவது வழக்கம். எனக்கு அப்படிப் பிரிக்க வரவில்லை. கூட வாசிப்பவரைக் காது கொடுத்துக் கேட்பது என்ற ஒரே பழக்கத்திலிருந்து இந்த நாலும் வந்ததாகத்தான் நான் நினைக்கிறேன்.

ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் சீகென் என்று ஒரு ஊர். 1891-இல் அங்கே பிறந்தார். அப்பா வயலின் செய்கிறவர், வாசிக்கவும் தெரிந்தவர். வசதியான குடும்பம் இல்லை. விடுதிகளிலும் நடனக் கூடங்களிலும் அப்பாவோடு சேர்ந்து பிள்ளைகளும் வாசித்துச் சம்பாதித்தார்கள். அண்ணன் ஃப்ரிட்ஸ் பியானோ, பிறகு பெரிய கண்டக்டர் ஆனார். தம்பி ஹெர்மன் செல்லோ. ஆக, தனியாக வாசிப்பது என்பதற்கு முன்பே சேர்ந்து வாசிப்பது என்பது அடால்ஃபுக்குப் பழகிவிட்டது. ராத்திரி முழுக்க ஆடுகிறவர்களுக்காக வாசிக்கும்போது அப்பா எப்போது வேகம் கூட்டுவார், எப்போது நிறுத்துவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தால்தான் பிழைக்க முடியும்!

பதினோரு வயதில் கொலோன் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே வில்லி ஹெஸ், பிறகு பிராம் எல்டரிங் என்று இரண்டு ஆசிரியர்கள். இருவருமே யோசஃப் யோவாக்கிமிடம் படித்தவர்கள். யோவாக்கிம் யார் என்றால், இசையமைப்பாளர் பிராம்ஸின் நெருங்கிய நண்பர், பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோவை (தனி வயலினுக்கும் இசைக்குழுவுக்கும் எழுதிய படைப்பை) முதன்முதலில் மேடையேற்றியவர், பெர்லினில் புகழ்பெற்ற நால்வர் குழுவை நடத்தியவர். வாசிக்கிறவர் இசையமைப்பாளருக்குப் பணி செய்ய வேண்டும், தன் திறமையைக் கடை பரப்பக் கூடாது என்பது அந்தப் பரம்பரையின் பாடம். நம் ஊரில் பாடாந்தரம் என்று சொல்வோமே, அதைப் போல ஒன்று அங்கேயும் கைமாறி வந்தது.

இளைஞனாக இருந்தபோதே மாக்ஸ் ரேகர் என்ற இசையமைப்பாளரின் வயலின் கான்செர்ட்டோவை, அண்ணன் ஃப்ரிட்ஸ் பியானோவில் துணை வர, ரேகர் முன்னாலேயே நோட்டுப் பார்க்காமல் வாசித்துக் காட்டினார். ரேகரின் கான்செர்ட்டோ ஒரு மணி நேரத்தை நெருங்கும், அடர்த்தியான, சிக்கலான படைப்பு. பெரிய வித்வான்களே தொடத் தயங்கியது. அன்று தொடங்கிய நட்பு 1916-இல் ரேகர் இறக்கும் வரை நீடித்தது. புஷ்ஷும் வாழ்நாள் முழுக்க இசை எழுதிக்கொண்டே இருந்தார். அதில் ரேகரின் சாயல் தெரியும்.

1912-இல் வியன்னாவில் கான்செர்ட்ஃபெரைன் இசைக்குழுவின் முதல் வயலின் நாற்காலி கிடைத்தது. அப்போது அவருக்கு 21 வயதுதான். அங்கேதான் தன் முதல் நால்வர் குழுவையும் அமைத்தார்.

இந்த நால்வர் குழு, அதாவது ஸ்ட்ரிங் குவார்டெட் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. நம் கச்சேரியில் நடுவில் இருப்பவர் பாட, வயலின் நிழலாகப் பின்தொடர்கிறது, மிருதங்கம் தாங்குகிறது. மேடையில் யார் பிரதானம் என்பதில் சந்தேகமே வராது. குவார்டெட்டில் அந்த ஏற்பாடு கிடையாது. ஹைடனும் மோட்சார்ட்டும் பீத்தோவனும் இதை நான்கு பேர் பேசிக்கொள்வதைப் போல எழுதி வைத்தார்கள். இந்த நிமிடம் முதல் வயலின் பேசும். அடுத்த நிமிடம் வயோலா முக்கியமான ஒன்றைச் சொல்லும், மற்ற மூவரும் ஒதுங்கி இடம் விட வேண்டும். கண்டக்டர் கிடையாது. முதல் வயலின்காரர் மூச்சை இழுத்து வில்லைக் கொஞ்சம் உயர்த்துவார். அந்த மூச்சிலேயே வேகம், கனம், மனநிலை எல்லாம் இருக்கும். மற்ற மூவரும் அதைப் பிடித்துக்கொண்டு ஒரே கணத்தில் தந்தியில் வில்லை வைப்பார்கள். ஒரு இம்மி பிசகினாலும் காது கண்டுபிடித்துவிடும், ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

புஷ் 1918-இல் பெர்லின் இசைக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். 1919-இல் புஷ் குவார்டெட் உருவானது. சில வருடங்களில் இரண்டாம் வயலினுக்கு ஸ்வீடனைச் சேர்ந்த கோஸ்டா ஆண்ட்ரியாசன் வந்தார். வயோலாவில் கார்ல் டாக்டர், செல்லோவில் பவுல் க்ரூமர். 1930-இல் க்ரூமர் விலக, தம்பி ஹெர்மன் செல்லோவோடு வந்து உட்கார்ந்தார். ஆண்ட்ரியாசன், டாக்டர் இந்த இரண்டு பெயரையும் தனித்தனியாகக் கொண்டாட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். குழுவுக்குப் பெயர் புஷ்ஷினுடையது. ஆனால் அந்த ரெக்கார்டுகளில் நடுவில் இருக்கும் இரண்டு குரல்களையும் கவனித்துக் கேளுங்கள், அப்போதுதான் அந்தக் குழு எதனால் நின்றது என்று புரியும்.

அதே காலத்தில் இன்னொருவரும் அவர் வாழ்க்கைக்குள் வந்தார். 1920-இல் வியன்னாவில் ருடால்ஃப் செர்கின் என்ற 17 வயதுப் பையன் புஷ்ஷுக்கு அறிமுகமானான். பொஹீமியாவில் ஒரு ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த பியானோக்காரன். புஷ் அவனை பெர்லினுக்கு வரச் சொல்லி, தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். சாப்பாடு, ஒத்திகை, பேச்சு, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. குருகுலம் என்றே சொல்லிவிடலாம், ஆனால் மேடையில் இருவரும் சமம். புஷ்-செர்கின் இரட்டையர் ஐரோப்பா முழுக்கப் பீத்தோவன், பிராம்ஸ், ஷூபர்ட் சொனாட்டாக்களை வாசித்தார்கள். பல வருடம் கழித்து, 1935-இல், புஷ்ஷின் மகள் இரேனை செர்கின் மணந்துகொண்டார்.

1927-இல் குடும்பம் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. மெனுஹின் கதை இங்கேதான் வருகிறது. அந்த வருடம்தான் நியூயார்க் கார்னகி ஹாலில் பீத்தோவன் கான்செர்ட்டோவை வாசிக்கப் போகிறேன் என்று பதினோரு வயது மெனுஹின் பிடிவாதம் பிடித்தார். கண்டக்டர், நம் ஃப்ரிட்ஸ் புஷ். இது குழந்தை வாசிக்கும் சமாச்சாரமில்லை என்று முதலில் அவர் சம்மதிக்கவே இல்லை. பையன் வாசித்துக் காட்டியதைக் கேட்ட பிறகுதான் மனம் மாறினார். அந்தக் கச்சேரியோடு மெனுஹின் உலகப் புகழ் அடைந்தார்.

அப்போது மெனுஹினின் ஆசிரியர் பாரிஸில் இருந்த ஜார்ஜ் எனெஸ்கு. அவர் பெரிய மனதுக்காரர். பையனுக்கு ஜெர்மானிய மரபின் ஒழுங்கும் வேண்டும், அதை என்னைவிட புஷ் நன்றாகக் கொடுப்பார் என்று அனுப்பி வைத்தார். 1929, 1930 ஆகிய இரண்டு கோடைகளும் மெனுஹின் பேசலில் படித்தார். உலகமே தூக்கி வைத்துக் கொண்டாடும் ஒரு சிறுவன், கை எதை நினைத்தாலும் செய்கிறது. அவனுக்கு ஆசிரியர் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? புஷ் அவனைப் பாஹிடமும் பீத்தோவனிடமும் திரும்ப உட்கார வைத்தார். இசையமைப்பாளர் நிஜமாகவே என்ன எழுதியிருக்கிறார், பிற்காலப் பதிப்பாளர்கள் நுழைத்தது எது என்று பிரித்துப் பார்க்கும் அக்கறை புஷ்ஷுக்கு உண்டு. உனக்கு எது சுலபமாக வருகிறதோ அது சரி என்று அர்த்தமில்லை என்பது திறமைசாலிப் பிள்ளைகள் கேட்டே ஆக வேண்டிய பாடம். அதைச் சொல்ல புஷ்ஷைவிடப் பொருத்தமான ஆள் அன்று ஐரோப்பாவில் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி 1933.

ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். மார்ச்சில் ட்ரெஸ்டன் ஓபராவில் அண்ணன் ஃப்ரிட்ஸைக் கச்சேரி நடத்த விடாமல் நாஜிப் படையினர் கூச்சல் போட்டு விரட்டினார்கள். ஃப்ரிட்ஸ் யூதர் இல்லை, கட்சிக்குத் தலையாட்டாதவர், அவ்வளவுதான். ஏப்ரல் 1 அன்று நாடு முழுக்க யூதர்களின் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி அரசு ஏவிவிட்டது. கடை வாசல்களில் சீருடை போட்டவர்கள் நின்று வாடிக்கையாளரை மிரட்டினார்கள். அன்று புஷ் குவார்டெட் பெர்லினில் இருந்தது. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு கடைசி வாக்கியங்களுக்கு ஹைடன் எழுதிய இசை அன்றைய நிகழ்ச்சி. தெருவில் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்து அந்த இசையை வாசித்தார்கள். அதற்குப் பிறகு ஜெர்மனியில் ஒப்புக்கொண்டிருந்த கச்சேரிகள் அத்தனையையும் புஷ் ரத்து செய்தார்.

இதன் கனத்தை நாம் சரியாக எடை போட வேண்டும். புஷ் யூதர் இல்லை. பேசாமல் இருந்திருந்தால் எந்தக் குறையும் வந்திருக்காது. அந்தத் தலைமுறையில் ஜெர்மனியின் தலையாய வயலின் கலைஞர் அவர். யூத வித்வான்கள் எல்லாம் விரட்டப்பட்ட பிறகு எதிரில் போட்டியே இருந்திருக்காது. அவருடைய ரசிகர்களும் வருமானமும் பெரும்பாலும் ஜெர்மன் ஊர்களில்தான். மொழி, பாஹும் பீத்தோவனும் பிறந்த மண், எல்லாமே அங்கே. திரும்பி வரச் சொல்லி அழைப்புகள் வந்தன. அந்த ஆட்சி ஒழியும் வரை அவர் ஜெர்மன் மேடை ஏறவே இல்லை. 1938-இல் முசோலினியின் இத்தாலி யூத விரோதச் சட்டங்கள் கொண்டுவந்தபோது, தன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடிய இத்தாலியையும் விட்டார். 1935-இல் சுவிஸ் குடியுரிமை வாங்கியாகிவிட்டது.

எத்தனையோ பெரிய இசைக் கலைஞர்கள், இசைக்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொண்டு அங்கேயே தங்கினார்கள். புஷ்ஷால் அப்படிச் சொல்ல முடியவில்லை, ஏன் என்று யோசித்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் செர்கினை எழுப்பி அனுப்பிவிட்டு அந்த இடத்தில் வேறொருவரை வைத்துக்கொள்ளச் சொல்கிறது ஒரு அரசாங்கம். குவார்டெட் போல ஒரு சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் சேம்பர் இசையில் ஊறியவருக்கு அப்படிச் செய்த பிறகு வாசிக்க என்ன மிச்சம் இருக்கும்? ஒத்திகையில் ஆயிரம் முறை செய்ததை அவர் வாழ்க்கையிலும் செய்தார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

நமக்குக் கிடைத்த லாபம் என்னவென்றால், அந்த வருடங்களில் லண்டனில் எச்.எம்.வி. கம்பெனிக்காக அவர்கள் செய்த ரெக்கார்டிங்குகள். பீத்தோவனின் கடைசிக் கால குவார்டெட்டுகள், ஷூபர்ட்டின் "மரணமும் மங்கையும்", செர்கினோடும் ஹெர்மனோடும் ஷூபர்ட்டின் ஈ ஃப்ளாட் ட்ரையோ. அதில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

பீத்தோவனின் ஓபஸ் 132 குவார்டெட். 1825-இல் அவர் கடுமையாக நோயில் விழுந்து எழுந்த பிறகு எழுதியது. காது அதற்கு முன்பே போய்விட்டது. இதன் மூன்றாம் பகுதிக்கு, நோயிலிருந்து மீண்டவன் கடவுளுக்குச் செலுத்தும் நன்றிப் பாடல் என்ற பொருளில் அவரே தலைப்பு வைத்து, லிடியன் முறையில் அமைந்தது என்றும் எழுதினார். லிடியன் என்பது ஐரோப்பியத் தேவாலயங்களின் பழைய சுர வரிசை. அதை ஆரோகணமாகப் பாடிப் பாருங்கள்: சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம். ஆமாம், நம் மேசகல்யாணியின் சுரங்களேதான்! கமகம் கிடையாது, ராக லட்சணம் கிடையாது, எனவே கல்யாணி என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் கல்யாணி கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தப் பிரதி மத்யமம் வரும் இடம் சட்டென்று தெரிந்துவிடும்.

நீளமான, மிக மெதுவான சுரங்களில் நான்கு வாத்தியமும் பாடுகின்றன. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்னச் சொற்றொடரை ஒருவர் தொடங்க மற்றவர் வாங்கிக்கொள்கிறார். நடுவில் இரண்டு முறை இசை துள்ளி எழும். புது பலம் வருவதை உணர்ந்தபடி என்று பீத்தோவன் குறிப்பு எழுதியிருக்கிறார். பிறகு மறுபடி அந்தப் பாடல், ஒவ்வொரு முறையும் இன்னும் பின்னிப் பிணைந்து.

புஷ் குவார்டெட் இதை 1937-இல் பதிவு செய்தது. தொடக்கத்தில் விப்ராட்டோவைக் கவனியுங்கள். இடது கை விரலைத் தந்தியின் மேல் அதிர வைத்து நாதத்துக்கு மினுமினுப்புக் கொடுப்பதுதான் விப்ராட்டோ. இன்றைக்குப் பலர் அதை எல்லாச் சுரத்துக்கும் பூசிவிடுவார்கள். இவர்கள் நன்றிப் பாடலின் முதல் வரிகளில் கிட்டத்தட்ட அதைத் தொடுவதில்லை. நாதம் வெறுமையாக, நேராக நிற்கிறது. படுக்கையில் கிடக்கும் மனிதனின் பலவீனம் அதில் தெரிகிறது. புது பலம் வரும் இடத்தில் வில் தந்தியைக் கடிக்கும், விரல்கள் அதிரத் தொடங்கும், நோயாளி எழுந்து நடப்பது காதுக்குத் தெரியும். எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் செலவழிப்பது என்ற கட்டுப்பாட்டை நான்கு பேரும் ஒருசேர வைத்திருக்கிறார்கள்.

அன்றைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலரை நிமிடம் போலத்தான் பதியும். மெழுகுத் தட்டில் நேரடியாகச் செதுக்குவார்கள், வெட்டி ஒட்ட வழியில்லை. ஒருவர் தவறினால் அந்தப் பக்கம் முழுவதையும் நான்கு பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். கால் மணிக்கும் மேல் ஓடும் இந்த நன்றிப் பாடலைத் துண்டு துண்டாக நிறுத்தி, ஒவ்வொரு முறையும் அதே மனநிலைக்குத் திரும்பி வந்து வாசித்திருக்கிறார்கள். இன்று சேர்த்துக் கேட்டால் ஒட்டுப் போட்ட இடம் தெரிவதில்லை.

1935-இல் பாஹின் ஆறு பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்களையும் பதிவு செய்தார். பெரிய இசைக்குழுக்கள் பாஹை ஊதிப் பெருக்கி வாசித்த காலம் அது. புஷ் ஒரு சின்னக் குழுவைக் கூட்டி, கண்டக்டர் இல்லாமல், தானே வயலின் வாசித்தபடி நடத்தினார். புல்லாங்குழலில் மார்செல் மொய்ஸ், ஹார்னில் ஆப்ரி பிரெய்ன், பியானோவில் செர்கின். இன்றைய வரலாற்று ஆய்வுப்படி பியானோ இருக்க வேண்டிய இடம் அதுவல்ல, ஹார்ப்சிகார்ட்தான் வேண்டும். ஆனால் பாஹை மறுபடி சேம்பர் இசை அளவுக்குக் கொண்டுவந்தவர்களில் இவர் முன்னோடி.

1939-இல் குடும்பம் அமெரிக்கா போனது. அங்கே அவருக்குச் சுகப்படவில்லை என்பதுதான் வருத்தமான உண்மை. 1940-இல் மாரடைப்பு. மின்னல் வேக வயலினுக்குப் பழகிய அமெரிக்க மேடைக்கு, பீத்தோவனின் கடைசி குவார்டெட்டைப் பொறுமையாக விரிக்கும் ஜெர்மானியர் ஒட்டவில்லை. 1946-இல் மனைவி ஃப்ரீடா இறந்தார். பழைய குழு கலைந்து, புது ஆட்களோடு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. 40-களில் இரண்டாம் வயலின் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் எர்னஸ்ட் ட்ரக்கர். அவருடைய மகன் யூஜீன் ட்ரக்கர்தான் பின்னாளில் எமர்சன் குவார்டெட்டைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தப் பெயர் நம் தலைமுறை ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தோற்றுப்போன கடைசிக் காலம் என்று இதை முடித்துவிட முடியாது, ஏனென்றால் மார்ல்பரோ இருக்கிறது. வெர்மான்ட் மாநிலத்தின் மலைக் கிராமம் ஒன்றில், பழைய பால் பண்ணையாக இருந்த இடத்தில், அப்போது ஒரு சிறிய கல்லூரி இருந்தது. புஷ், செர்கின், ஹெர்மன், மார்செல் மொய்ஸ், அவர் மகன் லூயி, மருமகளும் புஷ்ஷின் மாணவியுமான பிளான்ஷ் ஹானகர் மொய்ஸ், இவர்கள் சேர்ந்து 1951-இல் அங்கே ஒரு கோடைக்கால இசைப் பள்ளியைத் தொடங்கினார்கள். அங்கே மூத்த வித்வான்கள் மேடையிலிருந்து பாடம் நடத்துவதில்லை. ஒரு குவார்டெட் என்றால் அதில் பேர்பெற்ற மூத்தவர் ஒருவரும் இளையவர்கள் மூவரும் இருப்பார்கள். கச்சேரி தேதிக்காக ஒத்திகை ஓடாது. படைப்பு தயாரானால் மேடை ஏறும், ஆகாவிட்டால் இல்லை. அங்கே ஒத்திகை பார்க்கப்படும் படைப்புகளில் பாதிக்கும் மேல் மேடைக்கு வராமலே போவதுண்டு, அதை யாரும் நஷ்டமாக நினைப்பதில்லை.

1952 ஜூனில் புஷ் வெர்மான்ட்டிலேயே இறந்தார், வயது 60. செர்கின் 1991-இல் இறக்கும் வரை மார்ல்பரோவைக் கட்டிக் காத்தார். பாப்லோ கசால்ஸ் தள்ளாத வயதில் அங்கே வந்து சொல்லிக்கொடுத்தார். குவர்னேரி குவார்டெட் அங்கேதான் பிறந்தது. பள்ளி இன்றும் நடக்கிறது.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை இது. முதலில் ஷூபர்ட்டின் ஈ ஃப்ளாட் ட்ரையோவின் இரண்டாம் பகுதி. செல்லோவில் ஹெர்மன் எடுக்கும் அந்த மெட்டு உங்களை உள்ளே இழுத்துவிடும். அடுத்து பிராண்டன்பர்க் ஐந்து. பிறகு ஒரு ராத்திரி அவசரமில்லாத நேரத்தில் ஓபஸ் 132. ரெக்கார்டில் கரகரப்பு இருக்கும், பத்து நிமிடத்தில் காது அதைத் தள்ளி வைத்துவிடும்.

வீட்டில் வயலினோ பியானோவோ படிக்கும் பிள்ளை இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊர்களில் மேற்கத்திய இசை படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கிரேடு பரீட்சைக்காக, தனியாக, ஆசிரியர் முன்னால் மட்டும் வாசித்தே வளர்கிறார்கள். சான்றிதழ் வரட்டும், நல்லதுதான். கூடவே அதே வயதில் இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள். ஹைடனின் சுலபமான பகுதி ஒன்றை எடுத்துக் கொடுத்து, வாரத்தில் ஒரு மாலை சேர்ந்து உட்கார வையுங்கள். யார் முதல் வயலின் என்பதை வாராவாரம் மாற்றச் சொல்லுங்கள். இரண்டாம் வயலினில் உட்கார்ந்து பழகிய பிள்ளைக்கு, பக்கத்தில் இருப்பவருக்கு எப்போது இடம் விட வேண்டும், அவரை யாராவது எழுப்பி அனுப்பச் சொன்னால் என்ன பதில் சொல்ல வேண்டும், இரண்டும் தெரிந்திருக்கும். புஷ்ஷிடம் நான் கற்றுக்கொண்டது அதைத்தான்.